இரண்டாம் பக்கத்தைப் படித்தவர்

அந்த அம்மாவைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்கள், என் காதுபடச் சொன்னவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏழு பேர். அந்த ஏழில் நானும் ஒருவன். சொன்னது சரிதான். திமிர் இருந்தது. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால், கீழப்பழுவூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் என் கிணறு இருந்த இடத்தை இன்றைக்கு ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்று நான் தேடிக்கொண்டிருப்பேன்.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிணறு, மாடு, ஆடு, மழை, நெல் என்று எண்ணியே தலை நரைத்தது. ஓய்வுக்குப் பிறகு பெரம்பலூரில் மகன் வீட்டில் இருந்தேன். அங்கே தொலைக்காட்சிச் சத்தம் தாங்காது. நூலகத்துக்குப் போனால் மின்விசிறிச் சத்தம் தாங்காது. இரண்டில் மின்விசிறி மேல் என்று தினமும் நூலகத்துக் கணினிப் பகுதியில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வரப்போகிறது என்று தகவல் வந்தது. ஊரில் இறைக்கிற கிணறு அறுபத்தொன்று. நானே வரப்பு வரப்பாகப் போய் எண்ணியது. அதில் ஒன்று என்னுடையது. சுரங்கம் ஆழமாகப் போனால் கிணற்றில் தண்ணீர் நிற்குமா? எனக்குத் தூக்கம் கெட்டது. கணினியில் உட்கார்ந்து, 'அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புச் சுரங்கம் தோண்டினால் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் வற்றிப்போகுமா என்பது குறித்த ஆராய்ச்சி' என்று முழுதாக அடித்தேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னங்க சார், கலெக்டருக்கு மனுவா? கீழ 'தங்கள் உண்மையுள்ள' போடலியே?"

திரும்பினேன். அந்த அம்மாதான். நாற்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலி மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாருங்கம்மா, எத்தன முடிவு வந்திருக்குன்னு. லட்சக்கணக்குல."

"வரும் சார். ஜெயங்கொண்டம் சந்தையில நின்னு சத்தமா கேட்டாலும் லட்சம் பேரு பதில் சொல்லுவாங்க."

கேட்காமலே என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். அதுதான் அவர் வழக்கம். யாருடைய கணினியாக இருந்தாலும் பிடுங்குவார்.

"நீங்க பேசுற மாதிரி தேடாதீங்க. எழுதுனவன் என்ன வார்த்தையில எழுதியிருப்பான்னு யோசிங்க. ஆராய்ச்சி பண்றவன் 'கிணறு வத்திப் போச்சு'ன்னா எழுதுவான்? நிலத்தடி நீர்மட்டம்பான். அதுவும் இங்கிலீஷ்ல எழுதியிருப்பான். சுண்ணாம்புக்கல்லு ஒரு வார்த்தை. நீர்மட்டம் ஒண்ணு. சுரங்கம் ஒண்ணு. மூணுதான். ஒவ்வொண்ணுக்கும் அவன் வேற என்ன பேரு வச்சிருப்பான்னு பக்கத்துலயே போட்டுக்கணும்."

இதைச் சொல்லிக்கொண்டே அந்த வார்த்தைகளைப் பேனாவால் தன் இடது உள்ளங்கையில் எழுதினார். அவர் கையில் எப்போதும் இப்படி எழுத்து இருக்கும். சாப்பிடக் கை கழுவும்போது போய்விடும். மாலையில் வேறு வார்த்தைகள் வந்திருக்கும். அரியலூர் என்று போட்டதும் திரையில் டைனோசர் முட்டையும் சிமெண்டு விலையும் ரயில் நேரமும் வந்து குவிந்தன. "டேய், முட்ட யாருடா கேட்டா?" என்று திரையைத் திட்டிக்கொண்டே, வேண்டாத சொற்களுக்கு முன்னால் கழித்தல் குறியைப் போட்டார். குவியல் குறைந்தது. லட்சம் போய் நூற்றுச் சொச்சமாயிற்று. எனக்கு என்னவோ என் சொத்தை யாரோ எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்த அம்மாவுடையது, ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரி போட்டிருக்கிற குடும்பம். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பொருளியல் எடுத்தார். முனைவர் பட்டத்துக்கும் பதிந்திருந்தார். ஏழு ஆண்டாக அது முடியவில்லை. பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் முடித்துப் பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட்டுக்கொண்டார்கள். இவர் முடிக்காததற்குக் காரணம் ஒன்றுதான். தான் கண்ணால் பார்க்காத எந்தப் புத்தகத்தையும் கட்டுரையையும் தன் ஆய்வேட்டில் சேர்க்க மாட்டார். ஒருமுறை அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் தொலைபேசியில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. இவர் அமைதியாக, "சார், அந்தப் புத்தகத்த நீங்க பாத்திருக்கீங்களா? இல்ல, அத பாத்தவங்களத்தான் பாத்திருக்கீங்களா?" என்றார். ஆய்வேடு இன்னும் ஓராண்டு தள்ளிப்போனது.

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் வருவார். துபாயில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தன் ஊரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போட ஆசை. அவருடைய முன்னோர்கள் கப்பலேறி பர்மாவுக்கு வியாபாரம் போனதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். அந்த அம்மா நான்கு நாள் தேடினார். ஐந்தாம் நாள் பாய் சிரித்த முகமாக வந்து நின்றார்.

"கெடைக்கல பாய்."

"என்னம்மா, எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கலாம். எழுதுனது எனக்குக் கெடைக்கல. தேடுன எடத்தையும் சொல்லிடுறேன்." நான்கு இடங்களைச் சொன்னார். நூலக அட்டவணை, பழைய செய்தித்தாள் தொகுப்பு, பல்கலைக்கழக ஆய்வேடுகளின் பட்டியல், ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கம். "இதுக்கு வெளில எங்கயாவது இருந்தா கொண்டாங்க. தோத்துட்டேன்னு ஒத்துக்குறேன்."

"எங்க வாப்பா பொய்யா சொல்லியிருப்பாரு?"

"அட, அப்புறம் என்ன? வாப்பா சொல்லக் கேட்டதுன்னே எழுதுங்க. அதுவும் சாட்சிதான். 'வரலாற்று ஆசிரியர்கள் கூறுகின்றனர்'னு மட்டும் எழுதாதீங்க. எந்த ஆசிரியரு? அவரு வூடு எங்க?"

"யா அல்லாஹ்! எங்க வூட்ல பொண்ணு எடுக்குறப்பகூட இவ்ளோ விசாரிக்கலம்மா" என்றார் பாய். ஆனால் புத்தகத்தில், 'என் தகப்பனார் சொல்லக் கேட்டது' என்றே போட்டார். ஒரு பிரதி எனக்கும் கொடுத்தார். எழுத்துப் பிழை முப்பத்தாறு இருந்தது. அது வேறு விஷயம்.

இனி எங்கள் ஊர்ச் சண்டைக்கு வருகிறேன்.

சுரங்கத்துக்கு எதிராக ஊரில் ஒரு குழு அமைந்தது. என் அக்கா மகன், எனக்கு மாப்பிள்ளை முறை, அவன்தான் அதன் செயலாளர். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கொடுப்பதற்கு மனு எழுதி என்னிடம் எடுத்து வந்தான். முதல் வரியே இடி மாதிரி இருந்தது. சுரங்கத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லாக் கிணறும் ஐந்தே ஆண்டில் வற்றிவிடும் என்று ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்திருக்கிறதாம். வாட்ஸப்பில் ஊர் முழுக்கச் சுற்றிய செய்தி. நானும் சும்மா விடவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தேன். பதினோரு இடத்தில் அதே செய்தி இருந்தது. செய்தித் தளம் ஐந்து, வலைப்பதிவு நான்கு, துண்டறிக்கை இரண்டு. பதினொன்றையும் அச்செடுத்து, வரிசை எண் போட்டு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன்.

அவர் அந்தக் கட்டைப் புரட்டவே இல்லை. செய்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுத் தேடினார். அப்படிப் போட்டால் அந்த வாக்கியம் எழுத்து மாறாமல் எங்கெல்லாம் இருக்கிறதோ அது மட்டும்தான் வரும். வந்தது. வந்ததைத் தேதிவாரியாக, பழையது முதலில் வருகிற மாதிரி அடுக்கினார்.

"சார், இது பதினொண்ணு இல்ல. ஒண்ணு. அத பதினோரு பேரு எடுத்துப் போட்டிருக்காங்க. கமாகூட மாத்தல பாருங்க."

எல்லாவற்றுக்கும் முந்தியது ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசிய பேச்சு. அதில் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை, ஆய்வு செய்தவர் பெயரும் இல்லை. பேசியவரின் தொலைபேசி எண்ணை அந்த அம்மா எப்படியோ வாங்கிப் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டார், நானும் கேட்டேன். "ஆமாம்மா, ஒரு நண்பர் சொன்னாரு. அவருக்கு யாரு சொன்னாங்கன்னு தெரியல" என்றார் அவர். நல்ல மனிதர்தான். மறைக்கவில்லை.

"எடுத்துடுங்க இந்த வரிய" என்றார் அந்த அம்மா.

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "மாமா, இந்தம்மா யாரு பக்கம்?"

"தம்பி, எனக்கு முன்னாடியே ஒக்காந்துகிட்டு ஏன் மாமாவ கேக்குறீங்க? என்னைக் கேளுங்க."

"சரி மேடம், உங்களையே கேக்குறேன். கம்பெனிக்காரன் வாய்க்கு வந்தத அள்ளி வுடுறான். நாங்க மட்டும் எதுக்கு அரிச்சந்திரனா இருக்கணும்?"

"அரிச்சந்திரன் கதையெல்லாம் எனக்கு வேணாம். மாட்டிக்குவீங்க. அதத்தான் சொல்றேன். மொத வரி பொய்னு அவன் காட்டிட்டான்னா, கீழ நீங்க எழுதியிருக்குற நெசத்த எவனும் படிக்க மாட்டான்."

"அத எடுத்துட்டா மனுவுல என்ன மேடம் இருக்கு? வெறும் அழுகதான் இருக்கு."

"தெரியுது. ரெண்டு வாரம் குடுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். எனக்கு அந்தப் பதினொன்றையும் விட மனசில்லை. அச்சுக்குக் கொடுத்த காசு இருக்கட்டும். கண்ணுக்கு முன்னால் பதினொன்று ஒன்றானதை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் அந்தத் தேதி வரிசையை நானும்தானே பார்த்தேன். "எடுத்துடுடா" என்றேன். வந்த பஸ்ஸில் அவன் தனியாக ஊருக்கு ஏறிவிட்டான். ஊரில், நான் கம்பெனியிடம் ஏதோ வாங்கிவிட்டேன் என்று ஒருவன் டீக்கடையில் சொன்னானாம். சொல்லட்டும்.

அந்த இரண்டு வாரத்தில் அவர் தேடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் நாலைந்து நாள் எதுவும் கிடைக்கவில்லை. அரியலூர் என்று போட்டாலும் ஒன்றுமில்லை, பெரம்பலூர் என்று போட்டாலும் ஒன்றுமில்லை. சுரங்கத்துக்கு அனுமதி கேட்டுக் கம்பெனி கொடுத்திருந்த அறிக்கையிலும் அதையேதான் எழுதியிருந்தார்கள்: 'இம்மாவட்டத்தில் சுரங்கத்தால் கிணறுகள் பாதிக்கப்பட்டதாக முந்தைய ஆய்வு எதுவும் இல்லை.'

ஆறாவது நாள் அந்த அம்மா திடீரென்று என்னைப் பார்த்து, "சார், நீங்க மொதமொதல்ல வேலைக்குச் சேந்தப்ப இது எந்த மாவட்டம்?" என்று கேட்டார்.

"திருச்சி."

"அப்புறம்?"

"பெரம்பலூர். அப்புறம் அரியலூர் தனியாப் போச்சு. மறுபடியும் சேத்தாங்க. மறுபடியும் பிரிச்சாங்க." என் நாற்காலி நகரவே இல்லை, தாளின் தலைப்பில் இருந்த மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

"அட கடவுளே" என்று தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "அரியலூர்னு ஒரு மாவட்டமே இல்லாதப்ப எழுதுனவன், அரியலூர் மாவட்டம்னு எப்படி எழுதுவான்?"

திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று போட்டுத் தேடினார். வந்தது. பழைய ஆய்வேடு ஒன்று, ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அட்டவணையில் தலைப்பு மட்டும். முழுதும் இணையத்தில் இல்லை. தலைப்பு போதும் என்று விடுகிறவரா? இரண்டு பஸ் மாறிப் போய், அனுமதி வாங்கி, அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார். அப்போது இருந்த ஒரு சுரங்கத்தைச் சுற்றிக் கிணறு கிணறாக அளந்திருக்கிறார்கள். பள்ளத்துக்குக் கிட்டத்தில் இருந்த கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறது. தள்ளி இருந்தவற்றில் இறங்கவில்லை.

"அந்த ரெண்டாவத நாம சொல்ல வேணாம் மேடம்" என்றான் மாப்பிள்ளை.

"சொல்லணும். உங்க ஊரு கிட்டத்துலதான இருக்கு? அப்புறம் என்ன பயம்?"

இரண்டையும் எழுதினோம்.

அதற்குப் பிறகு கம்பெனியின் அறிக்கையைக் கையில் எடுத்தார். நான் அதை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். அவர் கடைசியிலிருந்து படித்தார். அதாவது மேற்கோள் பட்டியலிலிருந்து. 'இத்தகைய சுரங்கங்களால் சுற்றுவட்டக் கிணறுகளுக்குப் பாதிப்பில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் பதினான்கு என்று எண் போட்டிருந்தது. பதினான்காவது, ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை. இணையத்தில் அதன் முதல் பக்கத்தை மட்டும் சும்மா காட்டுவார்கள். மீதியைப் படிக்கப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இதழை வாங்குகிற நூலகத்தின் வழியாகப் போக வேண்டும். முதல் பக்கத்தின் கடைசி வரியில் அந்தச் செய்தி இருந்தது. பாதிப்பில்லை என்பது பரவலான கருத்து, என்று. நான் பெருமூச்சு விட்டேன். "சரியாத்தானம்மா போட்டிருக்கான்."

"ரெண்டாம் பக்கம் எங்க?" என்றார் அவர்.

மறுநாள் அவர் கல்லூரியின் தரவுத்தளத்தில் புகுந்து முழுக் கட்டுரையையும் எடுத்து வந்தார். இரண்டாம் பக்கம் 'ஆனால்' என்று தொடங்கியது. அந்தப் பரவலான கருத்து தவறு என்று காட்டுவதற்காகத்தான் கட்டுரையையே எழுதியிருந்தார்கள். அறிக்கை எழுதியவர் இலவசமாகக் கிடைத்த பக்கத்தோடு நின்றுவிட்டார்.

கூட்டம் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பேர் போயிருந்தோம். மேடையில் அதிகாரிகள். ஓரத்தில் கம்பெனிக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த நிபுணர், நல்ல சட்டை, கையில் சின்ன ஒலிவாங்கி. மாப்பிள்ளை மனுவை வாசித்து முடித்ததும் அவர் எழுந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"இங்கே ஒரு வெளிநாட்டு ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். பத்து கிலோமீட்டருக்குள் எல்லாக் கிணறும் வற்றும் என்று. அப்படி ஒரு ஆய்வே உலகத்தில் கிடையாது என்பதை ஆதாரத்தோடு..."

"சார், சார்" என்று மாப்பிள்ளை குறுக்கிட்டான். "அத யாரு சார் சொன்னா? நாங்க சொல்லவே இல்லியே. மனுவ நீங்க கேக்கவே இல்லீங்களா?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவர் கையில் இருந்த தாள்களை நான் எட்டிப் பார்த்தேன். வாட்ஸப் செய்தியைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தார். அதை உடைப்பதற்கென்றே தயாராகி வந்திருக்கிறார். அந்த ஒரு வரி மட்டும் மனுவில் இருந்திருந்தால் நூற்றுப் பன்னிரண்டு பேரும் பொய்யர்களாக வீடு திரும்பியிருப்போம்.

அப்போது பின்வரிசையில் அந்த அம்மா எழுந்து நின்றார்.

"நீங்க எந்த ஊருங்க?" என்றார் நிபுணர். "பாதிக்கப்படுற கிராமமா?"

"ஜெயங்கொண்டம் பக்கம். உங்க அறிக்கையப் படிச்சு பாதிக்கப்பட்டவ."

மறுபடியும் சிரிப்பு. மேடையிலிருந்த அதிகாரி, "அம்மா, சுருக்கமா" என்றார்.

"ஒரே ஒரு பக்கம்தாங்க சார்." பதினான்காம் மேற்கோளைச் சொன்னார். முதல் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தார். அப்புறம் இரண்டாம் பக்கத்தைப் படித்தார். தமிழில் சொன்னார், எல்லோருக்கும் புரிகிற மாதிரி. படித்து முடித்து, "இந்தப் பக்கத்த நீங்க பாத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"மேடம், இதெல்லாம் தொழில்நுட்ப விஷயம். எழுத்து மூலமா பதில் தருவோம்."

"பதில் அப்புறம் தாங்க. பாத்தீங்களா, பாக்கலியா?"

"உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

"உக்காருறேன் சார். நான் கேட்டதும், அவரு பதில் சொல்லாததும் நடவடிக்கைக் குறிப்புல ஏறட்டும். ஏத்திட்டீங்கன்னா உக்காந்துடுறேன்."

அவர் நின்றார். எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் எழுந்தார்கள், அப்புறம் எல்லோரும். யாரும் கத்தவில்லை, சும்மா நின்றோம். எனக்கு முழங்கால் வலி, நானும் நின்றேன். கடைசியில் எழுதுகிறவர் குனிந்து எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

வெளியே, பஸ் நிறுத்தத்தில் நிபுணரின் கார் வந்து நின்றது. அவரே இறங்கினார். கோபமாக இல்லை. "மேடம், எங்க அலுவலகத்துக்கு வந்துடுங்களேன். உங்கள மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும். கல்லூரியில குடுக்குறத விட நல்லாவே குடுப்போம்."

"வரேனே. மொத நாளே இந்த அறிக்கையத்தான் கையில எடுப்பேன். பரவால்லியா?"

அவர் சிரித்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். இந்த அம்மா ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி, உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.

தண்ணீர் பற்றிய பகுதி ஏற்கத் தக்கதாக இல்லை, புதிதாக ஆய்வு செய்து மறுபடி வர வேண்டும், அதுவரை அனுமதி இல்லை என்று சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஊரில் வெடி வெடித்தார்கள். அந்த அம்மாவுக்குச் சால்வை போட ஆள் அனுப்பினார்கள். "தண்ணி இன்னும் பத்திரமாகலியே, அதுக்குள்ள என்ன சால்வ?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். திமிர் என்று ஊரில் இரண்டு பேர் சொன்னார்கள். தொடக்கத்தில் நான் சொன்ன ஏழு பேர் கணக்கில் அவர்களையும் சேர்த்திருக்கிறேன்.

பிறகு ஆய்வேட்டை முடித்தார். வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பத்து ஆண்டுக்கு மேலாகிறது. அவர் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டால் இப்போதும் திட்டுவார், தேடியும் கொடுப்பார்.

இந்த ஆண்டு கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்திருக்கிறார்கள். புதிய அறிக்கை, பழையதைவிட மூன்று மடங்கு கனம். மேற்கோள்கள் எண்பத்தெட்டு. எனக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, திரை கூசுகிறது. மாப்பிள்ளை, "வேணாம் மாமா, வக்கீல் பாத்துக்குவாரு" என்கிறான். வக்கீல் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார். நான் கடைசியிலிருந்து ஆரம்பித்து, இருபத்தாறு மேற்கோள் பார்த்து முடித்துவிட்டேன். இருபத்தாறும் சரியாகத்தான் இருக்கின்றன. உழைத்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். இருபத்தேழாவது திறக்க மாட்டேன் என்கிறது. முதல் பக்கம் மட்டும் தெரிகிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்கு, பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிறேன்.